சின்னபொண்ணு போட்ட அடுப்புகள்

ஆரணியில் அரிசி மில்லின் சங்கு காலை ஆறு மணிக்கு ஊதும். அதற்கு முன்பே ஊருக்கு வெளியே இருந்த காலனியின் கூரைகளிலிருந்து புகை கசிந்து, கமண்டல நாகநதியின் மணல்வரை படர்ந்து கிடக்கும். எழுபதுகளில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு விடியல் என்றால் அந்தப் புகைதான். ஒரு கூரையில் புகை இல்லையென்றால் அந்த வீட்டில் அன்று உலை வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி புரிந்துகொண்டு, ஒரு கிண்ணம் கஞ்சியோடு போய் நிற்பாள்.

சின்னபொண்ணுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மில்லில் நெல் அவித்துக் களத்தில் கொட்டிக் காயவைக்கும் வேலை. புருஷன் காத்தவராயன் அதே மில்லில் மூட்டை தூக்கினான். அடுத்த குடிசையில் அக்கா பச்சையம்மாள். பச்சையம்மாளுக்கு இழுப்பு நோய். அடுப்பின் முன்னால் குனிந்து ஊதும்போதெல்லாம் நெஞ்சு விசில் மாதிரிக் கூவும். அக்கா இருமினால் தங்கை மண்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "தண்ணி குடிக்கா" என்று குரல் கொடுப்பாள். இரண்டு பேரும் சுவரைத் தட்டிப் பேசிப் பழகியவர்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்து, அமலி டீச்சர் அந்தக் காலனிக்கு வந்தாள். மாதா கோயில் தெருவில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண். இருபத்திரண்டு வயது. முதியோர் கல்வி வகுப்பு நடத்த அவளை நியமித்திருந்தார்கள். ஒரு கரும்பலகை, இருபது சிலேட்டு, ஓர் அரிக்கேன் விளக்கு, இவ்வளவுதான் கையில். நெல்லை வாரிக் குவித்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தின் ஓலைக் கொட்டகையில் வகுப்பு என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"இன்னா டீச்சரம்மா, இந்த வயசுல எங்களுக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்டாள் பச்சையம்மாள். "கண்ணுல புகைதான் கீது. எழுத்து எங்க தெரியப் போவுது?"

"புகையப் பத்தியே பேசலாம் வாங்கக்கா," என்றாள் அமலி.

முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் பதினாறு பேர். சின்னபொண்ணு வந்தது பாடத்துக்காக அல்ல. களத்தில் நாள் முழுக்கக் கால் வெந்துபோய் வருகிறவளுக்கு, ஒரு மணி நேரம் யாரும் வேலை ஏவாமல் உட்கார ஓர் இடம் கிடைத்ததே பெரிது. அமலிக்கு அது தெரிந்திருந்தது. அரசாங்கம் கொடுத்த புத்தகத்தைப் பாதி நாள் திறக்கவே மாட்டாள். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பாள். ஒருத்தி விறகுக்கு நடந்த தூரத்தைச் சொல்வாள். ஒருத்தி பிள்ளையின் பேதியைச் சொல்வாள். அந்தப் பேச்சிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பலகையில் எழுதுவாள் டீச்சர். விறகு. தண்ணீர். சாம்பல். அப்படித்தான் அவர்கள் எழுத்தைப் பிடித்தார்கள்.

பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவில் ஓடிச் சேறாவதை ஒருநாள் பேசினார்கள். மறுவாரம் ஒவ்வொரு குடிசைக்கும் பின்னால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, கடைசியில் ஒரு பப்பாளிக் கன்று வைத்தார்கள். சாணியும் குப்பையும் போட ஒரு பொதுக்குழி தோண்டினார்கள். எண்பத்திரண்டில் அந்தக் காலனிக்குள் போனவர்கள், எந்த வீட்டின் பின்புறம் பார்த்தாலும் பப்பாளி காய்த்துத் தொங்கியதை இன்றைக்கும் சொல்வார்கள். பழத்தை விற்கத் தெரியாமல், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அறுத்துக் கொடுத்த காலம் அது.

படிக்க ஆரம்பித்த நாலாவது மாதம் மில்லில் ஒன்று நடந்தது. பாய்லர் கொட்டகைச் சுவரோரம் எப்போதும் கதகதப்பாக இருக்கும். பெண்கள் தூக்குச்சட்டிகளை அங்கேதான் வைப்பார்கள். மழை நாளில் அங்கேதான் முந்தானையைக் காயவைப்பார்கள். அன்றைக்குச் சோற்றை எடுக்கப் போன சின்னபொண்ணு, சுவரில் மங்கிப்போயிருந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்தது. பிறகு தன் தூக்கை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றார்கள் மற்றவர்கள்.

"அபாயம், இங்கே நிற்காதீர்கள்னு எழுதிகீதுடி. பதினோரு வருஷமா நின்னுகினு இருக்கோம்."

எல்லோரும் சுவரையும் தங்கள் தூக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, களமே சிரித்தது. பாய்லர்க்காரர் ராமதாஸும் வெளியே வந்து சிரித்தார். தானாகப் படித்த முதல் வரி அதுதான் என்பதைச் சின்னபொண்ணு டீச்சரிடம் சொன்னபோது, அமலியால் வெகுநேரம் பாடம் நடத்த முடியவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு ராமதாஸ் அவளிடம் மரியாதையாகப் பேசினார். அவளும் மனசில் ரொம்ப நாளாக இருந்ததைக் கேட்டாள்.

"அண்ணா, இம்மாம் பெரிய அடுப்புல வண்டி வண்டியா உமி எரியுது. உங்க கண்ணு எரிய மாட்டேங்குது. ஒரு படி அரிசி வேகவைக்கறதுக்குள்ள எங்க கண்ணு அவிஞ்சு போவுது. எப்படி?"

அவர் வானத்தைப் பார்த்து நிற்கும் புகைபோக்கியைக் காட்டினார். "அதுதாம்மா காரணம். சூடான காத்து மேல ஓடும். அது ஓடற வேகத்துக்குக் கீழ்ப் பக்கமா புதுக்காத்து உள்ள வரும். குழாய் உசரமா இருந்தா இழுப்பு ஜாஸ்தி. உன் வீட்டு அடுப்புக்குப் புகை போக வழி ஏது? உன் மூஞ்சிதான் வழி."

அதை அவள் மறக்கவில்லை.

எண்பத்துநாலில் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தது. அமலிக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. வகுப்பில் படம் வரைந்து விளக்கினாள். பாதி விறகு போதும், கண் எரியாது, விறகுக்காக நடக்கும் நாள் மிச்சம் என்றாள். அவள் பேச்சை நம்பிப் பன்னிரண்டு வீடுகள் பேர் கொடுத்தன. வேலையை எடுத்த குத்தகைக்காரர் வேறு ஊர்க்காரர். ஆட்களோடு வந்து, ஒரே நாளில் பன்னிரண்டு அடுப்பையும் போட்டுவிட்டுப் போனார். எந்த வீட்டுப் பானை எவ்வளவு பெரிசு என்று ஒருவரையும் கேட்கவில்லை. குழாயை நேராகக் கூரை ஓலைக்குள் செருகி நிறுத்தியிருந்தார்.

பத்தாவது நாள், காலைச் சமையல் நேரத்தில் பச்சையம்மாளின் கூரை பற்றிக்கொண்டது. ஓலைக்குள் போன குழாய் சூடேறி, காய்ந்த கீற்றில் நெருப்பு பிடித்துவிட்டது. சின்னபொண்ணு ஓடிவந்து அக்காவை வெளியே இழுத்தாள். ஆண்கள் கூரைமேல் ஏறிக் கீற்றைப் பிய்த்தெறிந்தார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. பாதிக் கூரை போயிற்று. அன்று மத்தியானத்துக்குள் பன்னிரண்டு அடுப்பையும் கடப்பாரையால் உடைத்துத் தெருவில் போட்டார்கள்.

கோபம் முழுக்க அமலியின் மேல் திரும்பியது. "உன்னத்தான் நம்பினோம்," என்று பச்சையம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாளிலிருந்து கொட்டகைக்கு யாரும் வரவில்லை. அமலி மட்டும் வந்து, பலகையில் தேதி எழுதி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

ஐந்தாம் நாள் சின்னபொண்ணு போனாள். டீச்சரின் முகம் வீங்கியிருந்தது.

"நான் வேற ஊருக்கு மாத்தல் எழுதிக் கேக்கலாம்னு இருக்கேங்கக்கா," என்றாள் அமலி.

சின்னபொண்ணு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அடுப்பு மேல தப்பு இல்ல டீச்சரம்மா. போட்டவன் ஜல்தி ஜல்தின்னு போட்டுட்டான். அந்தப் படத்த இன்னொரு வாட்டி காட்டு."

அவள் தன் வீட்டிலேயே ஆரம்பித்தாள். ஏரிக்கரைப் புற்றுமண்ணும் மில் உமியும் சாணியும் கலந்து, மூன்று நாள் ஊறவைத்து மிதித்தாள். குழாயைக் கூரைக்குள் விடாமல், மண்சுவரில் ஓட்டை போட்டு வெளியே எடுத்து, ஓலைக்கு எட்டாத தூரத்தில் நிமிர்த்தினாள். முதல் அடுப்பு புகையைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே துப்பியது. இரண்டாவது காயும்போதே வெடித்தது. காத்தவராயன் இரண்டு வாரம் வாசலில் மூட்டிய மூன்று கல்லில் வெந்த சோற்றைச் சாப்பிட்டான். "மில்லுல ஒரு வேல, வீட்ல ஒரு வேல, உனக்கு இன்னா பேஜார் இது?" என்றானே தவிர, ஞாயிற்றுக்கிழமை புற்றுமண்ணை அவனே தலையில் சுமந்துவந்து போட்டான்.

மூன்றாவது தடவை அவள் குழாயை இரண்டு சாண் உயர்த்தினாள். தன் வீட்டுச் சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்து அடுப்பின் வாயை அளவெடுத்தாள். பற்றவைத்ததும் தீ உள்பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனது. வெளியே ஓடிவந்து பார்த்தாள். குழாயின் வாயில் புகை மெல்லிசாக எழுந்து பப்பாளி மரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் திரும்பி, அடுப்பின் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் பொறுத்து, வேலிகாத்தான் விறகில் ஒரே அளவாக இரண்டு கட்டு கட்டினாள். ஒன்றை அக்காவின் பழைய அடுப்புக்குக் கொடுத்தாள், மற்றதைத் தான் வைத்துக்கொண்டாள். பச்சையம்மாளின் கட்டு இரண்டு நாளில் தீர்ந்தது. சின்னபொண்ணுடையது நாலாம் நாள் காலையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பச்சையம்மாள் வந்து அந்த மிச்சக் குச்சிகளைப் பார்த்தாள். அடுப்பைச் சுற்றிவந்தாள். குழாய் போகும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"கூரைக்குப் போவலியே?"

"போவலக்கா."

"எனக்கும் ஒண்ணு போடு. எரிஞ்சா உன் வீட்ல வந்து குந்திக்கினு எழுந்திரிக்க மாட்டேன்."

தீபாவளிக்குள் இருபது அடுப்புகள் ஆயின. பெண்கள் மறுபடி கொட்டகைக்கு வந்தார்கள். பச்சையம்மாள் டீச்சரிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு பப்பாளியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சின்னபொண்ணு ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். வீட்டில் எத்தனை பேர், பெரிய பானை எத்தனை விரல் அகலம், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கோணல் எழுத்தில் எழுதினாள். வகுப்பு முடிந்தும் கலையாமல், அந்த நோட்டைச் சுற்றி உட்கார்ந்து, யார் வீட்டில் எத்தனை பேர் என்று அவர்கள் சிரித்துச் சிரித்துப் பேசிய மாலைகளை அமலி பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

எண்பத்தைந்து கோடையில் தறிக்காரர் அருணகிரி அமலியின் அப்பாவைத் தேடி வந்தார். அவர் வீட்டில் முன்கட்டில் இரண்டு தறிகள், பின்கட்டில் சமையல். சமையல் புகை தறியில் விரித்த பாவு நூலில் படிந்து, வெளிர் நிறப் புடவை ஒன்று புகை வாடை அடிக்கிறது என்று கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது. அவருடைய மனைவி காசியம்மாளின் கண்களும் எப்போதும் சிவந்தே இருக்கும்.

"அடுப்பு போடற அந்தம்மா அளவ மட்டும் சொல்லட்டும்," என்றார் அருணகிரி. "நம்ம கொத்தனார வெச்சுப் போட்டுக்கறோம்."

ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அமலிக்கும் தெரியும், சின்னபொண்ணுக்கும் தெரியும். காலனிப் பெண் தறிக்காரர் வீட்டுச் சமையலறைக்குள் கால் வைத்த வழக்கம் அருணகிரியின் தெருவில் இல்லை. ஆனாலும் அவள் போனாள். புழக்கடையில் நின்று, குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டிவிட்டு வந்தாள். கொத்தனார் சிமென்ட் பூசி அழகாகத்தான் போட்டார். அடுப்பு முன்னைவிட அதிகமாகப் புகைந்தது.

மறுபடியும் ஆள் வந்தது. இந்த முறை சின்னபொண்ணு புழக்கடை வாசலில் நின்றபடியே காசியம்மாளிடம் பேசினாள். குரல் உயரவில்லை.

"வெளிய நின்னுகினு அடுப்பு போட முடியாதுங்கம்மா. காத்து எப்படி வருதுன்னு உள்ள குந்திப் பாக்கணும், நீங்க பான வெக்கறதப் பாக்கணும். உள்ள வரச் சொன்னா வரேன். இல்லன்னா கோவிச்சுக்காதீங்க, என்னால ஆவாது."

உள்ளே இருட்டிலிருந்து மாமியார் கிழவி ஏதோ முணுமுணுத்தாள். தறிச் சத்தம் நின்றது. அருணகிரி எழுந்து வந்து நடையில் நின்றார். காசியம்மாள் கண்ணைத் துடைத்தாள். புகையா, வேறா என்று சொல்ல முடியாது. புருஷனையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை.

"சமைக்கிறது நான்தானே," என்றாள். "உள்ள வாம்மா."

சின்னபொண்ணு கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். எத்தனையோ வருஷம் அந்தத் தெருவில் நெல் மூட்டை வண்டியின் பின்னால் நடந்து போயிருக்கிறாள். ஒரு வீட்டின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். அவள் வீட்டு அடுப்படியில் இருந்த அதே கரிதான் அங்கேயும் சுவர் முழுக்க அப்பியிருந்தது. கொத்தனார் வேலையை இடித்துவிட்டு, மூன்று நாள் மில்லுக்கு லீவு சொல்லி, மண்ணிலேயே போட்டாள். மண் காய்ந்ததும், பத்தாம் நாள் காலை அவளை வரச் சொல்லிக் காசியம்மாளே பற்றவைத்தாள். தீ உள்ளே இழுத்தது. காசியம்மாள் பால் வைத்து, காபி போட்டு, புழக்கடை மாடத்திலிருந்த பழைய அலுமினிய டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

சின்னபொண்ணு அந்த டம்ளரைப் பார்த்தாள். "வேணாங்கம்மா. மில்லுக்கு நேரமாச்சு."

காசியம்மாளின் கை நீட்டியபடியே நின்றது.

மூன்று மாதம் கழித்துக் குழாயில் கரி தட்டப் போனபோது, வீட்டார் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. சின்னபொண்ணு குடித்தாள். மாமியார் அன்றைக்கும் முகம் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவின் நாற்பது வீடுகளில் ஒன்பது வீடுகள்தான் கடைசிவரை அவளை உள்ளே விட்டன. மற்றவர்கள் வெளியிலிருந்து அளவு கேட்டார்கள். அவர்களுக்கு அவள் சொல்லவில்லை.

எண்பத்தாறில் அமலிக்குக் கலசப்பாக்கத்தில் பள்ளி வேலை கிடைத்தது. அங்கேயே மைக்கேல்ராஜ் என்ற வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வகுப்பு நின்றது. அதற்கு மறுவருஷம் செய்யாரில் அடுப்பு போடும் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வரும்படி சின்னபொண்ணுக்குக் கடிதம் வந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் அவளே படித்தாள். அங்கே ஓர் அதிகாரி பதிவேட்டில் எழுதுவதற்காக, "படிப்பு என்னம்மா?" என்றார்.

"முதியோர் கல்விங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு, "மண்ணு கொண்டாரச் சொல்லுங்க, பேசிகினு இருந்தா ஒண்ணும் வெளங்காது," என்று இறங்கிவிட்டாள். முப்பது பெண்கள் அவளைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். அதன்பிறகு வருஷத்தில் நாலைந்து முறை அப்படிப் போய்வந்தாள். மில் வேலையையும் விடவில்லை.

எண்பத்தொன்பது மாசியில் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. "அக்கா, எங்க வீட்டு அடுப்பு புகையுது. நீங்களே வரணும்," என்று அமலி எழுதியிருந்தாள். சின்னபொண்ணு மூன்று நாள் ஊறவைத்த புற்றுமண்ணை ஒரு பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அங்கே மண் கிடைக்காதா என்று கண்டக்டர் கேட்டார். கிடைக்கும், ஆனால் அதன் குணம் தனக்குத் தெரியாது என்றாள்.

அமலியின் வீட்டுப் பின்புறம் இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் மிதித்தார்கள். மைக்கேல்ராஜ் தண்ணீர் ஊற்றினார். அமலி கொஞ்சம் பெருத்திருந்தாள். சின்னபொண்ணுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"நம்ம கொட்டகை இருக்குதாக்கா?"

"போன மழைல சாஞ்சிடுச்சி. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கட்டடம் கட்டிட்டாங்க. பலகைய மட்டும் நான் எடுத்தாந்து வெச்சிருக்கேன்."

"பச்சையம்மாக்கா?"

"நல்லாகீது. இழுப்பு இன்னும் இருக்குது, ஆனா முன்ன மாதிரி இல்ல. காசியம்மா வீட்ல கேஸ் வந்துடுச்சி டீச்சரம்மா. பட்டுநூல் வேகவெக்கறதுக்கும் வெந்நீருக்கும் நம்ம அடுப்புதான்."

"வருத்தமாக்கா?"

சின்னபொண்ணு யோசித்துப் பார்த்தாள். "கேஸுல புகை வராதாமே. அப்புறம் இன்னா வருத்தம்? அந்த சாயங்கால வகுப்புதான் எனக்கு இல்லாமப் போச்சு. இப்பக்கூட நெல்ல வாரிக் குவிச்சதும் காலு அந்தப் பக்கமா திரும்புது."

அமலி மிதிப்பதை நிறுத்திவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சேறு வழுக்கியது. இருவரும் விழப் பார்த்து, ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்து நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் அடுப்பின் அடிப்பாகம் எழும்பியது. மேல்பாகத்தை மண் இறுகின பிறகு, அடுத்த வாரம் வந்து முடிப்பதாகச் சொல்லி, ஈரத்துணி போட்டு மூடினாள் சின்னபொண்ணு. அமலி பஸ் நிலையம் வரை கூட வந்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வண்டி நகரும் வரை பேசிக்கொண்டே நின்றாள்.